காய்

எங்கள் வீட்டில் 'காய்' என்றால் 'என்ன'.
வந்த புதிதில், லீ பஜாரில்,
எதையோ கைகாட்டி அம்மா
காய்? காய்? என்று கேட்டிருக்கிறாள்.
காய்க்காரி இரண்டு கிலோ கத்தரியைப்
பையில் கொட்டிவிட்டாள்.
எனக்கு அப்போது ஆறு வயது.
அன்றிலிருந்து அம்மாவின் வாய் நான்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களைச் சேட்டு என்பார்கள்.
சேட்டு வட்டிக்கு விடுபவர்.
அப்பா கொலுசுப் பட்டறைகளின் குப்பையை
மூட்டைக் கணக்கில் வாங்கி வந்து
அலசி, உருக்கி, ஆசிட்டில் கரைத்து
கடுகளவு வெள்ளி எடுப்பவர்.
எத்தனை முறை சொன்னாலும்
சேட்டுப் பொண்ணுதான்.

பிராஜக்தா என்ற பெயரைப்
பதிவேட்டில் பிரசாந்தா என்று எழுதிவிட்டு
ஆம்பளைப் பேராச்சே என்றார் டீச்சர்.
பவழமல்லிக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு சாங்லிப் பக்கம் போனால்
சித்தப்பா பிள்ளைகளுக்கு நான் மதராசி.
சோள ரொட்டியை நான் பிய்ப்பதைப் பார்த்து
ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.
தூக்கத்தில் தமிழில் உளறுகிறேனாம்.
என்ன உளறினேன் என்று சொல்லத்தான்
அந்த ஊரில் ஆளில்லை.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு.
கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சுடிதாரில் கறை.
'காவ்ளா சிவ்லா' என்றாள் அம்மா.
காக்கை தொட்டுவிட்டதாம்.
என் காதில் சிவ்லா மட்டும்
சிவப்பு என்று விழுந்தது.
மூலையில் தனிப் பாய், தனி டம்ளர்.
மூன்று நாள். யாரிடமும் மூச்சு விடாதே.
ஜன்னலில் ஏற்காட்டு மலை,
முக்கால்வாசியை ஒரு கல்யாண மண்டபத்தின் போர்டு மறைத்திருந்தது.

காய்ச்சல் என்று நானே லீவ் லெட்டர் எழுதினேன்.
அப்பா கையெழுத்தையும் நானே போட்டேன்,
அவருக்குத் தெரியாத எழுத்தில்.

லெட்டர் வாங்க வந்த வனரோஜாவிடம் மட்டும் சொன்னேன்.
'காக்காவா? எங்கடி தொட்டுச்சு?' என்றாள்.
போன மாசம் அவளுக்குத் தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ்.
அதில் அவளைவிடப் பெரிதாய் அவள் தாய்மாமன்.
டெம்போவில் சீர்த்தட்டு, பின்னால் பேண்டு செட்.
அன்றைக்கு அவள் பாத்ரூமில் அழுதது
ஆல்பத்தில் இல்லை.

சாயங்காலமே வீட்டுக்கார சிந்தாமணி அக்கா
படியேறி வந்துவிட்டார்.
தொடக்கூடாதவள்தான்,
ஆனால் மொழிபெயர்க்க நான்தான் வரவேண்டும்.
'பெரிய மனுசி ஆயிட்டாளாமே,
மாமனுக்குச் சொல்லி உட்டாச்சுங்களா?'
அம்மா என்னைப் பார்த்தாள்: காய்?
வாடகை கேட்கிறார் என்றேன் மராத்தியில்.
ஒன்றாம் தேதி என்று சொல் என்றாள்.
ஒண்ணாந்தேதி மாமா வர்றாராம் என்றேன் தமிழில்.
இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.
நடுவில் நான், ஒரு கதவு அகலத்துக்கு.
பயமாக இருந்தது.
கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நாலாம் நாள் விடிகாலை
தலைக்கு ஊற்றக் குழாயடிக்கு இறங்கினேன்.
குண்டா நிறைய மஞ்சள் தண்ணியோடு
சிந்தாமணி அக்கா உட்கார்ந்திருந்தார்.
'மாமன் வர்றப்ப வரட்டும், நீ குனி கண்ணு.'
மூச்சு முட்ட, கண் எரிய, மஞ்சள்.
படியில் அம்மா பதறிக்கொண்டு: 'காய்? காய்?'
'காய் இல்லீங்க, இனிமே பழம்.'
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
ஏன் என்று தெரியாமல் அம்மாவும் சிரித்தாள்,
கீழிறங்கி வந்து, மிச்சத் தண்ணீரில்
ஒரு கை அள்ளி என் கழுத்தில் விட்டாள்.
நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அப்பா சைக்கிளோடு வந்தார், கேரியரில் பட்டறை மூட்டை.
துவைகல் மஞ்சள், சுவர் மஞ்சள்,
நனைந்தபடி மூன்று பேர்.
'காய்?' என்றார்.
எந்த மொழியில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள்
ஸ்டாண்ட் போடத் திரும்பிவிட்டார்.